மோட்டார் ரூம் பூனையும் மூன்றாம் வரிசை வாழையும்

ஆகஸ்ட் 8, வியாழன்

இந்த டைரி உரக்கடையில் இனாமாகக் கொடுத்தது. தண்ணீர் விட்ட நாள், உரம் வைத்த நாள் தவிர இதில் எதுவும் எழுதியதில்லை. இன்றைக்கு எழுத ஒரு விஷயம் கிடைத்தது.

காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தால், வாய்க்கால் மதகில் ஒருவர் உட்கார்ந்து ஷூவை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். பைக் நிறையச் சாமான். பெயர் எபனேசராம், பாளையங்கோட்டைப் பக்கமாம். துருப்புள்ளிப் பூனை என்று ஒன்று இருக்கிறதாம். காட்டுப் பூனைகளிலேயே அதுதான் பொடிசு, வீட்டுப் பூனையில் பாதிகூடத் தேறாதாம். அது நம் ஆற்றோர வாழைக்கொல்லைகளில் இருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறார். அக்கரையிலும் இக்கரையிலுமாகப் பதினோரு கொல்லைகளில், ஏதாவது அசைந்தால் தானே படம் எடுக்கும் கேமரா கட்டுகிறார். அண்ணன் சிவக்கொழுந்திடம் கேட்டதற்கு, "அது என் தங்கச்சி கொல்லை, அதுகிட்டயே கேளுங்க" என்று சொன்னாராம். எனக்கென்று ஒரு கொல்லை இருப்பது இப்படி வெளியாள் யாராவது வந்தால்தான் அண்ணனுக்கு ஞாபகம் வரும்.

எங்கள் கொல்லையில் யாரும் செருப்போடு இறங்கமாட்டோம். மதகில் கழற்றிவைத்து, வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டுதான் இறங்க வேண்டும். வாழை லட்சுமி என்பார் அப்பா. அவர் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் அண்ணன் ஒருநாள்கூட மீறியதில்லை. யாரோ இவரிடம் சொல்லியிருக்க வேண்டும், மனிதர் முழங்கால் வரை ஏறிய ஷூவின் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு கால் வெளியே வந்தது. சாக்ஸில் ஓட்டை, கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. அதை மற்றக் காலால் மறைக்கப் பார்த்தார்.

"பரவால்ல சார், ஷூவோடயே வாங்க. பாம்பு கிடக்கும்" என்றேன்.

பாம்பு கிடக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் இதை அண்ணனிடம் சொல்லவில்லை.

மூன்று கேமரா கட்டினார், மூன்றும் மூன்றாம் வரிசையோரமாகவே. மூன்றாவது, மூன்றாம் வரிசை முடிகிற இடத்தில், மோட்டார் ரூம் பக்கமாக. வாராவாரம் வியாழக்கிழமை கார்டு மாற்ற வருவாராம்.

ஆகஸ்ட் 22, வியாழன்

வந்தார். பன்னும் டீயும்தான் காலைச் சாப்பாடு போலிருக்கிறது. குடும்பம் உண்டா என்று நான் கேட்கவில்லை, நமக்கென்ன. டிபன் பாக்ஸ் இல்லை, காலர் பட்டன் வேறு நிற நூலில் தைத்திருக்கிறது. அவ்வளவுதான் பார்த்தேன்.

மதகில் உட்கார்ந்து பூனைப் புராணம். இருட்டினால்தான் வெளியே வருமாம். மரம் ஏறுமாம். எலி, தவளை, பல்லி எல்லாம் தின்னுமாம். "பத்து வருஷமா தேடுறேன் மேடம், நேர்ல ஒருவாட்டிகூடப் பார்த்ததில்ல. கால்தடம், எச்சம், கேமராவுல வாலோட நுனி. அவ்வளவுதான்."

நான் சும்மா இருந்திருக்கலாம். கல்லூரியில் தாவரவியல் படித்தவள் என்ற திமிர் இன்னும் போகவில்லை. "நானும் பார்க்க முடியாததைத்தான் சார் படிச்சேன்" என்று ஆரம்பித்தேன். கடைசி வருஷ புராஜெக்ட், வாழையின் வாடல் நோய்ப் பூஞ்சை. மைக்ராஸ்கோப்பில் பிறைபிறையாகத் தெரியும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு இருட்டும் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம்.

"அப்போ உங்க ஆளு என் ஆளைவிடக் கெட்டிக்காரரு" என்று சிரித்தார்.

"ஆளு இல்ல சார், கொலைகாரி" என்றேன்.

என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. அப்புறம் யூரியா வைத்தேன்.

செப்டம்பர் 5, வியாழன்

இப்போது அது ஒரு விளையாட்டாகிவிட்டது. அவர் பூனையைப் பற்றி ஒன்று சொல்வார், நான் பூஞ்சையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜெயித்தவருக்குப் பன்னில் பெரிய பாதி.

அவர்: பூனைக்குச் சுற்றித்திரிய இத்தனை ஏக்கர் வேண்டும்.
நான்: இதற்கு ஒரு சிட்டிகை மண் போதும்.
அவர்: பூனை தன் எல்லையை மோப்பத்தால் குறித்துவைக்கும்.
நான்: இது குறிக்காது, எல்லையே கிடையாது.
அவர்: ஆள் நடமாட்டம் அதிகமானால் பூனை இடத்தைக் காலி செய்துவிடும்.
நான்: இது வந்தால் போகாது. வாழையே இல்லாவிட்டாலும் தடித்த தோலைப் போர்த்திக்கொண்டு மண்ணுக்குள் தூங்கும், முப்பது வருஷம் வரைக்கும்கூட. வாழை வேர் பக்கத்தில் வந்தால் விழித்துக்கொள்ளும்.

"முப்பது வருஷம் காத்திருக்குமா? யாருக்காக மேடம் அவ்வளவு காத்திருக்கணும்?" என்றார்.

பெரிய பாதி எனக்கு. வீட்டுக்கு வந்து வெகுநேரம் அந்தக் கேள்வியோடு இருந்தேன். புருஷன் வீட்டிலிருந்து ஒரே வருஷத்தில் நான் திரும்பி வந்தபோது எனக்கு இருபத்து மூன்று. அப்பா இந்த ஒரு ஏக்கரை என் பேருக்கு எழுதினார். இப்போது நாற்பத்து நாலு. யாருக்காகவும் காத்திருக்கவில்லை, வாழை போட்டேன்.

செப்டம்பர் 19, வியாழன்

மழைத் தூறல். ஷூ முழுக்கச் சேறு. அக்கரையிலிருந்து நேராக வருகிறாராம். அங்கே ஒரு கொல்லையில், நான் போட்டிருக்கும் அதே ரஸ்தாளி, எல்லாம் மஞ்சளடித்து நிற்கிறதாம், உரம் போதவில்லை என்கிறார்களாம். "பொட்டாஷ் வைக்கச் சொல்லுங்க" என்றேன்.

என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்றே நினைவில்லை. இரண்டு பேரும் ஒரே வாழை இலையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

வரவில்லை. வரமாட்டார் என்று தெரியும். கேமராவெல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எதற்கு இந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு கொல்லைக்குப் போகிறாய் என்று அண்ணி கேட்டார். தீபாவளிக்குப் புதுப்புடவை கட்டாமல் வேறு எதற்குக் கட்டுவார்களாம்?

நவம்பர் 14, வியாழன்

கேமராவில் இன்னும் ஒன்றும் விழவில்லையாம். அதைச் சொல்லும்போது அவர் முகம் வாடவில்லை. நல்ல பொறுமைசாலி. படம் கிடைத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "இந்த ஜில்லா முடிஞ்சதுன்னு எழுதிட்டு அடுத்த ஜில்லாவுக்குப் போகணும்" என்றார்.

களை எடுத்தேன். இடுப்பு வலி.

டிசம்பர் 8, ஞாயிறு

விடியற்காலை. மும்முனைக் கரன்ட் வந்ததும் மோட்டார் போடப் போனேன். ரூம் கதவைத் திறந்தால், பழைய சாக்குமூட்டைகளுக்குப் பின்னால் ஒரு சீறல். பாம்பென்று நினைத்துப் பின்வாங்கினேன். இல்லை.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முகம், அதில் பாதி கண். நெற்றியில் வெள்ளைக் கோடு. சாம்பல் உடம்பு, விலா நெடுக இரும்பில் துரு பிடித்தாற்போல வரிசையாகப் புள்ளி. வயிற்றுக்கடியில் இரண்டு குட்டி, கண் திறக்காதவை. இவ்வளவு சின்ன உடம்பில் இவ்வளவு கோபம் எங்கிருந்து வருகிறது!

மோட்டார் போடவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து வரப்பில் உட்கார்ந்தேன். அவர் பத்து வருஷமாகத் தேடுகிறார், நான் மோட்டார் போடப் போய்ப் பார்த்துவிட்டேன். சொன்னால் குதிப்பார். போனைக் கையில் எடுத்தேன்.

குட்டி போட்ட நேரம். ஆள் வந்தால் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று அவரே சொல்லியிருக்கிறார். தொந்தரவு செய்யக் கூடாது. அதனால்தான் கூப்பிடவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

"எதுவும் கண்ணுல பட்டுச்சா மேடம்?"

"இல்ல சார்."

நாக்கு கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. மோட்டார் ரூம் பக்கம் குளவி கூடு கட்டியிருக்கிறது, போகாதீர்கள் என்றும் சொன்னேன். "சரி மேடம்" என்றார். எத்தனை நல்ல மனிதர்! அவருக்கு இட்லி கொண்டுபோயிருந்தேன். மிச்சம் ஆகிவிட்டது, அதனால்தான்.

டிசம்பர் 26, வியாழன்

மோட்டார் போடும்போது சாக்குப் பக்கம் போகாமல் வந்துவிடுகிறேன், தாயும் இப்போதெல்லாம் சீறுவதில்லை. குட்டிகளுக்குக் கண் திறந்துவிட்டது. அதை ஒருவரிடம் சொல்லத் துடிக்கிறேன். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார்.

ஜனவரி 11, சனி

மூன்றாம் வரிசையில் ஒரு வாழைக்கு அடியிலை ஓரம் மஞ்சள். பொட்டாஷ் குறைவாக இருக்கும்.

ஜனவரி 13, திங்கள்

போகி. அந்த வரிசையில் இன்னும் இரண்டு. மஞ்சளான இலைகளை அறுத்துப் போகியோடு போட்டு எரித்துவிட்டேன். அண்ணன் கண்ணில் படுவானேன்? அவருடைய மூன்று ஏக்கரும் வரப்புக்கு அந்தப் பக்கம்தான். என் கொல்லையில் பாய்ந்துதான் அவருக்குத் தண்ணீர் போகிறது.

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கல். லீவு நாள்தானே, வரமாட்டார் என்று நினைத்தேன், வந்தார். தாமரைப்பூ ஒரு கட்டு கொண்டுவந்தார். வழியில் விற்றார்களாம். கரும்பு கொடுத்தேன். விளையாட்டில் அவர் சொன்னது: "பூனை ஒத்தையாத்தான் இருக்கும். ஆனா வருஷத்துல ஒருநாள், ரெண்டுநாள் துணையைத் தேடி ரொம்ப தூரம் நடக்கும்."

என் முறை வந்தது. எனக்குப் பூஞ்சையைப் பற்றி ஒன்றும் வாயில் வரவில்லை. பெரிய பாதியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

ஜனவரி 20, திங்கள்

இலை ஒடிந்து பாவாடை கட்டினாற்போல் தொங்குகிறது. தண்டின் அடி வெடித்திருக்கிறது. இனிமேல் பொட்டாஷ் என்று யாரை ஏமாற்ற?

ஒரு வாழையைச் சாய்த்துக் கிழங்கைக் குறுக்கே வெட்டினேன். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாகத் துருச் சிவப்புப் புள்ளிகள். மோட்டார் ரூமில் சீறிய அந்த விலாவில் இருந்த அதே நிறம்.

இந்த நோய் வேர் வழியே ஏறி, தண்டுக்குள் தண்ணீர் ஏறும் குழாயையெல்லாம் அடைத்துவிடும். காலடியில் தண்ணீர் நிற்கும்போதே மரம் தாகத்தில் சாகும். புராஜெக்டில் இந்த வரியை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

நோய் கண்ட மரங்களை எண்ணிக்கொண்டே நடந்தேன். மதகில் ஆரம்பித்து மூன்றாம் வரிசையோடு நேராகப் போய்க் கடைசிக் கேமராவில் முடிகிறது. வேறெங்கும் ஒரு இலைகூட மஞ்சளில்லை. அது அவர் நடக்கும் தடம். அக்கரையில் மஞ்சளடித்து நின்ற ரஸ்தாளி, மழை, ஷூ முழுக்கச் சேறு. பொட்டாஷ் வைக்கச் சொல்லுங்கள் என்று சொன்ன புத்திசாலி நான்தான். ஷூவோடு இறங்குங்கள் என்று சொன்னவளும் நான்தான்.

அப்பாவுக்குப் பூஞ்சையைத் தெரியாது. காலைக் கழுவு என்று மட்டும் சொன்னார், அது போதுமாக இருந்தது.

ஜனவரி 23, வியாழன்

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். பதினோரு கொல்லைக்காரர்களும் அவரை விரட்டுவார்கள். விரட்டாவிட்டாலும் அவரே வரமாட்டார், அப்படிப்பட்ட மனிதர். பூனையைக் காட்டினாலும் போய்விடுவார், பூஞ்சையைக் காட்டினாலும் போய்விடுவார். இரண்டையும் ஒரே ஏக்கருக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு நான் இட்லிக்குச் சட்னி அரைக்கிறேன்.

"இன்னைக்குப் பூரான் நிறையத் தெரியுது, உள்ள போகாதீங்க, கார்டை நானே எடுத்துத் தரேன்" என்று அவரை மதகிலேயே உட்காரவைத்தேன். கார்டை மாற்றத் தெரியாமல் திணறினேன். அங்கிருந்தே சொல்லிக்கொடுத்தார். அந்தக் கால் மணி நேரம் எனக்கு வேண்டியிருந்தது. இனி வாராவாரம் இப்படியே ஓட்டிவிடலாம் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது, வெட்கமில்லாமல்.

ஆனால் இங்கிருந்து அடுத்த கொல்லைக்கு அதே ஷூவோடு போனார்.

ஜனவரி 28, செவ்வாய்

அண்ணன் வந்தார். "என்னம்மா தையு, மோட்டார் இன்னுமா சரியாகல? என் வாழை காயுது. ஆளைக் கூட்டியாரவா?"

தண்ணீர் விட்டால் நோயும் சேர்ந்து அவர் கொல்லைக்குப் போகும். அதனால் மோட்டார் ரிப்பேர் என்று ஒரு வாரமாகப் பொய் சொல்லிவைத்திருக்கிறேன். தண்ணீர் விடாவிட்டால் அவர் வாழை காயும்.

"வேணாம்ண்ணே. நாளன்னிக்குள்ள சரியாயிரும்."

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லண்ணே."

"ஒண்ணுமில்லன்னா சரி. உன்னை நம்பித்தான் அந்த மூணு ஏக்கரும் நிக்குது" என்று சிரித்துக்கொண்டே போனார். இனி முடியாது. வியாழக்கிழமை சொல்லிவிடப் போகிறேன்.

ஜனவரி 30, வியாழன்

முதலில் பூனையைக் காட்டினேன். அதைப் பார்க்கும்போதாவது அவர் சந்தோஷமாக இருக்கட்டும் என்று.

ஷூவைக் கழற்றச் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் கழற்றினார். வாய்க்காலில் கால் கழுவவைத்து, வேறு வரிசை வழியாக மோட்டார் ரூமுக்குக் கூட்டிப்போனேன். ஜன்னல் பலகை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தார். குட்டிகள் ஒன்றன் வாலை ஒன்று கடித்து உருண்டுகொண்டிருந்தன. தாய் படுத்தபடி எங்கள் பக்கமே பார்த்தது. அவர் கேமராவைத் தொடவில்லை. கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. பத்து வருஷம்.

"எத்தனை நாளா மேடம்?"

"டிசம்பர்லேருந்து."

அதற்கு மேல் கேட்க விடாமல் மூன்றாம் வரிசைக்குப் பக்கத்து வரப்பில் நிறுத்தினேன். வெட்டிய கிழங்கைக் காட்டினேன். மதகிலிருந்து கேமரா வரைக்கும் செத்து நிற்கும் வரிசையைக் கையால் காட்டினேன். பேச வேண்டியதே இருக்கவில்லை. அவர் திரும்பி மதகில் கிடந்த தன் ஷூவைப் பார்த்தார்.

"அக்கரை" என்றார்.

"ஆமா சார்."

"நான் இதோட மத்தக் கொல்லைக்கெல்லாம்..." பாதியில் நிறுத்திவிட்டார். அப்புறம், "நானே போய் ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிடுறேன். அடிச்சாலும் வாங்கிக்கிறேன். கேமராவையெல்லாம் இன்னைக்கே அவங்களையே அவுக்கச் சொல்லிடுறேன்" என்றார்.

ஷூவோடு இறங்கச் சொன்னது நான், உங்கள் மேல் தப்பில்லை என்றேன். அவர் அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை.

"பூனையை ஏன் அப்பவே சொல்லல?"

இதற்கு ஒரு பொய் தயார் செய்துவைத்திருந்தேன், குட்டி, தொந்தரவு, அது இது என்று. அதைச் சொல்லவில்லை.

"சொல்லியிருந்தா போயிருப்பீங்க."

குனிந்து தன் காலைப் பார்த்தார். வெறுங்காலில் அவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். விரலெல்லாம் ஷூவுக்குள்ளேயே கிடந்து வெளுத்துப்போயிருந்தது.

"தீபாவளி வாரமே கேமராவுல விழுந்துட்டு மேடம். மூணாவது கேமராவுல. முழு உடம்பு, தெளிவா."

எனக்குப் புரியவில்லை.

"அன்னைக்கே என் வேலை முடிஞ்சுட்டு. உங்ககிட்டச் சொன்னா, சரி சார், அப்போ கெளம்புங்கன்னு சொல்லிடுவீங்களோன்னு..." என்றார். "நான் பாட்டுக்கு வந்துட்டே இருந்தேன்."

தீபாவளியிலிருந்து எத்தனை வியாழன். அத்தனை வியாழனும் ஷூவோடு. இரண்டு பேரும் ஒரே பூனையை ஒருவருக்கொருவர் மறைத்து, ஒரே வரிசையை மிதித்துக் கொன்றிருக்கிறோம். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அழுதேன். அவர் பக்கத்தில் வரவில்லை. வரப்பைத் தாண்டிக் கால்வைக்கப் பயம், நோய் இன்னும் பரவிவிடுமோ என்று.

பிப்ரவரி 1, சனி

அண்ணனிடம் எல்லாம் சொன்னேன். ஷூவோடு இறங்கவிட்டதையும், எதற்காக நோயை மூன்று வாரமாய் மறைத்தேன் என்பதையும். இரண்டாவதைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார், கேட்கக் கூடாததைக் கேட்டவர் மாதிரி.

"மோட்டார் ரிப்பேர்னது?"

"பொய்ண்ணே. உன் பக்கம் தண்ணி போகக் கூடாதுன்னு."

"அதையாச்சும் செஞ்சியே" என்றார். அவர் கொல்லையில் இதுவரை ஒன்றும் தெரியவில்லை. வராது என்றும் சொல்ல முடியாது. மோட்டார் இனி ஓடாது, அவர் கொல்லைக்குப் பக்கத்துப் போர்வெல்லிலிருந்து பைப் போடுகிறார். என் ஒரு ஏக்கரையும் தோண்டி எரிக்க வேண்டும், குலை தள்ள ஆரம்பித்ததையும் சேர்த்து. அப்புறம் நெல் போட்டுத் தண்ணீர் கட்ட வேண்டும். ரஸ்தாளி இனி இந்த மண்ணில் என் ஆயுசுக்கு இல்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

எரித்த புகை அடங்கியதும் மோட்டார் ரூமைத் திறந்து பார்த்தேன். சாக்கு மட்டும் கிடக்கிறது. தாய் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. எல்லாம் ஒரே நாளில். மண்ணில் இருக்கும் மற்றது மட்டும் என்னோடு இருக்கும்.

பிப்ரவரி 6, வியாழன்

அண்ணன் ஒரு தகரப் பலகையும் சிவப்புப் பெயின்ட்டும் கொண்டுவந்து வைத்தார். "உன் கையெழுத்துதான் முத்துமுத்தா இருக்கும். நீயே எழுதும்மா."

'வாடல் நோய் கண்ட கொல்லை' என்ற முதல் வரி ஒரே மூச்சில் வந்துவிட்டது. 'வெளியாட்கள் உள்ளே இறங்கக் கூடாது' என்பதற்கு மத்தியானம் ஆகிவிட்டது. பிரஷ் காய்ந்து காய்ந்து போனது.

பெயின்ட் உலரும்போது பைக் சத்தம் கேட்டது. மதகுக்கு வரவில்லை. ரோட்டிலேயே நிறுத்தி, வண்டியிலிருந்து இறங்காமல் கால் ஊன்றி நின்றார். ஷூ இல்லை, ரப்பர் செருப்பு. எங்களுக்கு நடுவில் வாய்க்காலும் வரப்பும் அண்ணனும்.

"பூனை இருக்கா மேடம்?" என்று சத்தமாகக் கேட்டார்.

"போயிருச்சு சார்."

"குட்டிங்க?"

"அதுகளையும் கூட்டிட்டுப் போயிருச்சு."

"பக்கத்துல எங்கயாச்சும்தான் இருக்கும்" என்றார். "எல்லாக் கொல்லையிலயும் சொல்லிட்டேன். நாளைக்கு அடுத்த ஜில்லா."

நான் தலையை ஆட்டினேன். வா என்று கூப்பிட எனக்கு உரிமை இருந்தது. என் பேரில் எழுதின நிலம், என் மதகு. இருபது வருஷமாக யாரையும் வா என்று கூப்பிட இப்படி ஆசைப்பட்டதில்லை. வாயைத் திறந்தால் அந்த ஒரு சொல்தான் வந்திருக்கும், அதனால் திறக்கவில்லை.

"பலகையைத் தூக்கும்மா, காஞ்சிருச்சு" என்றார் அண்ணன். "ரோட்டைப் பார்த்து வை. வர்றவங்களுக்குத் தெரியணும்."

ரோட்டைப் பார்த்து வைத்தேன். அவர் அதைப் படிப்பது தெரிந்தது. அண்ணன் ஆணி அடித்து முடிக்கும் வரைக்கும், பலகை சாயாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.